முன் கண்ணாடி மாற்ற எங்கே கொடுப்பது? வடசென்னைக் கார்களுக்கு ஓர் ஒப்பீடு

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் கார் ஓட்டுபவர்களுக்குக் கண்ணாடியில் கல் அடிப்பது அதிசயமில்லை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களின் இரட்டை டயர்களுக்கு நடுவே சிக்கிய ஜல்லி, வண்டி வேகம் பிடித்ததும் பின்னால் வருபவர் மீது பாயும். மாதவரம், மூலக்கடை, பெரம்பூர் வட்டாரத்தில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலைகளிலும் இதே தொல்லைதான். கண்ணாடி உடைந்ததும் எல்லோரும் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்று. அதற்கு முன் கேட்க வேண்டியது "யார் ஒட்டப் போகிறார்கள், எதை வைத்து?" ஒரே கம்பெனிக் கண்ணாடி நல்ல கையில் கார் விற்கும் வரை நிற்கும், அவசரக் கையில் ஐப்பசி மழைக்கே காலடிக் கம்பளத்தை நனைத்துவிடும்.

மாற்றாமல் தப்பிக்க முடியுமா

முன் கண்ணாடி ஒற்றைத் தகடு கிடையாது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலத்தை (பெரும்பாலும் 0.76 மி.மீ.) வைத்து அழுத்திச் செய்தது. சின்னக் கல் பட்டால் வெளித் தகட்டோடு அடி நின்றுவிடும். அதனால்தான் அதில் ரெசின் என்ற ஒட்டுத் திரவத்தை ஏற்றி அடைக்க முடிகிறது. பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் டஃபன்டு (பதப்படுத்திய ஒற்றைத் தகடு) வகை. அவை உடைந்தால் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். அங்கே ரிப்பேர் என்ற பேச்சே இல்லை.

ரெசின் வேலை செய்யுமா என்று பார்க்க, அடியின் மேல் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. அடி முழுவதும் நாணயத்துக்குள் மறைந்தால், விளிம்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி இருந்தால், ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இல்லாவிட்டால், ரிப்பேர் செய்யலாம். உள்பக்கம் நகத்தால் தடவும்போது கீறல் தட்டுப்பட்டால் இரண்டு தகடும் போய்விட்டது என்று அர்த்தம், மாற்றத்தான் வேண்டும். ரெசின் ஏற்றிய இடத்தில் மங்கலாக ஒரு தடம் எப்போதும் இருக்கும். அது குறையில்லை. நேர்ப்பார்வை இடத்தில் ரிப்பேர் வேண்டாம் என்பதும் அந்தத் தடத்தை நினைத்துத்தான்: இரவில் எதிர்வண்டி விளக்கு அதில் பட்டுச் சிதறும்.

கடைக்குப் போகும்வரை அடியின் மேல் செல்லோ டேப் ஒட்டி வையுங்கள். தண்ணீரோ தூசியோ உள்ளே போய்விட்டால் ரெசின் பிடிக்காது. கார் கழுவ வேண்டாம். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசி காற்றைக் கண்ணாடி மேல் திருப்ப வேண்டாம். வெளித் தகடு கொதித்துக் கிடக்கையில் உள் தகடு சட்டென்று குளிர்ந்தால், அரை அங்குல விரிசல் கண்ணெதிரே ஓரம் வரை ஓடிவிடும். ஓரத்தைத் தொட்டுவிட்டால் ரிப்பேருக்கு வழியில்லை.

ஒட்டும் வேலை என்பது என்ன

மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் காலத்துக் கார்களில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்காரும். பீடிங்கின் பள்ளத்தில் கயிறு சுற்றி, உள்ளிருந்து கயிறை இழுத்து உதட்டை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. இப்போதைய கார்களில் கண்ணாடி பாடியோடு பாலியூரித்தேன் பசையால் ஒட்டப்படுகிறது. கடைக்காரர்கள் பேஸ்டிங் கிளாஸ் என்பார்கள். இந்தக் கண்ணாடி காரின் கூட்டுக்குப் பலம் சேர்க்கும் ஓர் உறுப்பு. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. பல கார்களில் இடதுபக்க ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியின் மேல் சாய்ந்துதான் பயணியின் பக்கம் திரும்புகிறது. பசை விட்டால் ஏர்பேக் கண்ணாடியை வெளியே தள்ளிவிட்டுத் தானும் போய்விடும்.

ஆகவே சிலிக்கான் போட்டு ஒட்டுகிற கடையில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற அதே பொருள் அது. தண்ணீரை நிறுத்தும், கண்ணாடியைப் பிடித்துவைக்காது. பசையின் மேல் "பாலியூரித்தேன்", "விண்ட்ஷீல்டு பாண்டிங்" என்று அச்சிட்டிருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் படியுங்கள். பெரும்பாலான பசைகளைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்லித்தான் தயாரிப்பாளர்கள் அச்சிடுகிறார்கள். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த டியூப், தேதி இருந்தாலும் உள்ளே கெட்டிப்பட்டிருக்கக்கூடும்.

எவ்வளவு பசை வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. சிறிய காரின் கண்ணாடிச் சுற்றளவு ஏறத்தாழ 4.4 மீட்டர். பசையை முக்கோண வடிவில், அடி 8 மி.மீ., உயரம் 12 மி.மீ. என்று இழுத்தால் 210 மி.லி. சொச்சம் ஆகும். 310 மி.லி. டியூப் ஒன்று போதும். எஸ்.யூ.வி. என்றால் சுற்றளவு 5 மீட்டர், அடி 10, உயரம் 14 மி.மீ. என்று வைத்தால் 350 மி.லி.; இரண்டாவது டியூப் உடைத்தே ஆக வேண்டும். பெரிய வண்டிக்கு ஒரே டியூபில் முடித்தேன் என்று ஒருவர் பெருமைப்பட்டால், எங்கோ பசை மெலிந்திருக்கிறது. நாசில் முனையை "வி" வடிவில் வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வட்ட முனையில் இழுத்தால் உயரம் வராது. கண்ணாடியை அழுத்தும்போது இடையில் காற்று அடைபடும்.

முறையாகச் செய்யும் கடையில் வேலை இந்த வரிசையில் நடக்கும். வைப்பர் கைகள் நின்ற இடத்தை டேப்பால் அடையாளம் வைத்துக் கழற்றுவார்கள். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டும், இரு தூண்களின் உள்மூடியும் வெளியே வரும். டேஷ்போர்டு, பானெட், சீட் எல்லாம் துணி போர்த்தப்படும். பழைய பசையைக் கம்பியாலோ கத்தியாலோ அறுப்பார்கள். கம்பி நல்லது, கத்தி அவசரக்காரன் கையில் பாடியின் பெயின்ட்டைக் கீறும். பிறகு பழைய பசையை முழுக்கச் சுரண்டாமல் 1 முதல் 2 மி.மீ. வரை விட்டுச் சீவுவார்கள். புதுப் பசைக்கு அந்தப் பழைய பசைதான் நல்ல பிடிமானம். "சுத்தமாச் சுரண்டிட்டேன் சார்" என்று சொல்பவர் பெயின்ட்டையும் சேர்த்துச் சுரண்டியிருப்பார்.

கீறல் விழுந்த ஒவ்வொரு இடத்துக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூச வேண்டும். வடசென்னையில் இதைத் தவறவிட்டால் தண்டனை சீக்கிரம் வரும். திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்புக்காற்றில் வெறும் இரும்பு சில மாதங்களில் துரு கட்டும். அந்தத் துரு பசைக்கு அடியில் பரவி, பசையைப் பாடியிலிருந்து உரித்துவிடும். இரண்டு மழைக்காலம் கழித்து ஒழுகும்போது யாருக்கும் காரணம் ஞாபகம் இருக்காது. பழைய கண்ணாடியை எடுத்ததும் ஏற்கெனவே துரு தெரிந்தால், அதைத் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். துரு ஓட்டை போட்டிருந்தால் கண்ணாடிக் கடையின் வேலை அங்கே நின்றுவிடும். முதலில் டிங்கர் பட்டறைக்குப் போக வேண்டும். ஏழெட்டு வயதான கடலோரக் காருக்கு இதற்கென்று ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

புதுக் கண்ணாடியின் ஓரத்திலுள்ள கறுப்புப் பட்டை அழகுக்காக வைத்ததில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பசையைத் தின்னாமல் காப்பது அதுதான். அந்தப் பட்டையைத் துடைத்து, பிரைமர் பூசி, பசைத் தயாரிப்பாளர் சொன்ன நேரம் காயவிட்டு, அதன்பின் பசை இழுத்து, மேலே தோல் கட்டுவதற்குள் உறிஞ்சுகப்பால் தூக்கி வைக்க வேண்டும். துடைத்த பட்டையைப் பிறகு விரலால் தொடக்கூடாது. வியர்வைக் கை பட்ட இடத்தில்தான் ஒழுக்கு ஆரம்பிக்கும்.

நான்கு வழிகள்

கேமரா இருக்கும் காருக்குப் பதில் எளிது: கம்பெனி சர்வீஸ் சென்டர். மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 700, எம்.ஜி. ஆஸ்டர், ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், புதிய ஹூண்டாய் கிரெட்டா, வெர்னா ஆகியவற்றின் உயர்நிலை மாடல்களில் நடுக் கண்ணாடிக்கு (ரியர்வியூ மிரர்) பின்னால் ஒரு கேமரா முன்சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். முன் கண்ணாடி மாறினால் கேமராவின் பார்வைக் கோணம் இம்மி விலகும். அந்த இம்மி, ஐம்பது மீட்டருக்கு அப்பால் பக்கத்து லேனில் போகும் வண்டியை நம் லேனில் போவதாகக் காட்டப் போதுமானது. அதனால் கேலிபிரேஷன், அதாவது கேமராவின் கோணத்தை மறுபடி சரிசெய்வது, கட்டாயம். அதற்கு அந்தந்தக் கம்பெனியின் ஸ்கேனர் வேண்டும்; சில மாடல்களுக்கு அளந்து வைத்த பலகையும் சமதரையும் வேண்டும். "தானா செட் ஆயிடும் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கேலிபிரேஷன் செய்ததற்கு அச்சிட்ட ரிப்போர்ட் கேட்டு வாங்குங்கள். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது மட்டும் ஆதாரமாகாது.

சர்வீஸ் சென்டரின் குறை விலையும் நேரமும். ஸ்டாக் இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பல சென்டர்களில் கண்ணாடி வேலையை அவர்களே செய்வதில்லை, வெளியிலிருந்து கண்ணாடிக்காரரை அழைத்துச் செய்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் யார் செய்கிறார், வாரண்டி யாருடைய பில்லில் வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.

கேமரா இல்லாத சாதாரண ஹேட்ச்பேக், செடானுக்கு எங்கள் முதல் தேர்வு கண்ணாடி வேலை மட்டுமே செய்யும் கடை. நாள் முழுக்க அதே வேலையைச் செய்கிற கைக்கு அறுப்பும் ஒட்டும் பழகிவிடும். ஏ.ஐ.எஸ். விண்ட்ஷீல்டு எக்ஸ்பர்ட்ஸ் போன்ற தொடர் கடைகளும் உண்டு, ஜி.என்.டி. சாலை, கொளத்தூர், மாதவரம் பக்கம் தனிக் கடைகளும் உண்டு. தனிக் கடைகளுக்குள் ஏற்றத்தாழ்வு அதிகம். போனில் விலை கேட்பதைவிட நேரில் போய், வேறொருவர் காருக்கு வேலை நடப்பதைக் கால் மணி நேரம் பாருங்கள். டேஷ்போர்டில் துணி இருக்கிறதா, பிரைமர் பாட்டில் திறந்திருக்கிறதா, பசை எந்தக் கம்பெனி: மூன்றும் கண்ணில் பட்டுவிடும்.

இந்தக் கடைகளில் "ஒரிஜினல் போடவா, கம்பெனி போடவா, லோக்கல் போடவா?" என்று கேட்பார்கள். ஒரிஜினல் என்றால் கார் கம்பெனியின் லோகோ உள்ளது. கம்பெனி என்றால் அசாஹி இந்தியா, செயின்ட்-கோபேன் செக்யூரிட் போன்ற தயாரிப்பாளர்களின் கண்ணாடி, கார் லோகோ இல்லாமல். சாதாரணக் காருக்கு இந்த இரண்டாவது ரகமே போதும். லோகோவுக்குக் கூடுதல் காசு தேவையில்லை. மூன்றாவது ரகத்தில்தான் வில்லங்கம். கண்ணாடியின் கீழ்மூலையில் தயாரிப்பாளர் பெயர், லேமினேட்டட் என்ற சொல், ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 2553 என்ற எண் இருக்கிறதா என்று பொருத்துவதற்கு முன்பே பாருங்கள். பிறகு கண்ணாடியை நிறுத்தி, அதன் வழியாகத் தூரத்து விளக்குக் கம்பத்தைப் பார்த்தபடி தலையை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கம்பம் நெளிந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம். அதில் ஒரு மணி நேரம் ஓட்டினால் தலை வலிக்கும். மழை சென்சார் உள்ள காருக்கு அதற்கான பிராக்கெட்டும் புது ஜெல் பேடும் சேர்த்து வர வேண்டும். பழைய பேடை மறுபடி ஒட்டினால் குமிழ் விழுந்து, மழையில்லாமலே வைப்பர் ஓடும். கூடவே கறுப்பு ஃபிலிம் இலவசம் என்றால் மறுத்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதிப்படி முன் கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியை விட வேண்டும்.

மூன்றாவது, வீட்டுக்கே வந்து பொருத்தும் சேவை. ஆளும் பொருளும் கடையிலிருந்தே வருவதால் தரம் குறையத் தேவையில்லை, இடம்தான் கெடுக்கும். கூரை போட்ட பார்க்கிங் உள்ள அடுக்ககம் என்றால் தாராளமாகக் கூப்பிடலாம். தெருவோரம் நிறுத்தும் ராயபுரம், தண்டையார்பேட்டை சந்துகளுக்கு இது ஒத்துவராது. பிரைமர் காயும் நேரத்தில் எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் தூசியும் கடற்காற்றின் ஈர உப்பும் பட்டையில் படியும். பகல் ஏற ஏறக் கடற்காற்று எழும்பும் என்பதால், கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால் காலை ஏழெட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். மழை மேகம் தெரிந்தால் தள்ளிப்போடுங்கள். பசைக்கு ஈரப்பதம் நல்லதுதான், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் அது இறுகுகிறது. ஒட்டும் பரப்பில் துளித் தண்ணீர் நிற்பது வேறு விஷயம்.

கடைசி வழி, பழகிய மெக்கானிக்கோ டிங்கர் பட்டறையோ, கண்ணாடிக்குப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையோ. பீடிங் வைத்த பழைய காருக்கு இதுவே சரி. கம்பெனி நிறுத்திய மாடல்களுக்குப் புதுப்பேட்டையை விட்டால் வேறு இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் பேஸ்டிங் கிளாஸைப் பழையது வாங்கி ஒட்டாதீர்கள். அறுத்து எடுத்த கண்ணாடியின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சில்லு போயிருக்கும். பொருத்திய சில வாரங்களில் அங்கிருந்து விரிசல் ஓடும்.

கிளெய்ம் போடுவதா, கைக்காசா

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள். கட்டாயக் கழிவு (நாமே ஏற்க வேண்டிய தொகை) இன்ஜின் 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. இதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் கிளெய்ம் போடுகிறார்கள்.

முடியவில்லை. நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.), அதாவது கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறி வந்திருக்கும். ஒரு கிளெய்மில் அது பூஜ்யமாகி, மறுபடி அதே படிகளில் ஏற வேண்டும். 50 சதவீதத்தில் இருந்தவர் அடுத்த ஐந்து ஆண்டுகளில் இழப்பது 50, 30, 25, 15, 5: மொத்தம் 125 சதவீதம். போனஸ் கழிக்காத ஓன் டேமேஜ் (நம் காரின் சேதத்துக்கான) பிரீமியம் 8,000 என்று வைத்தால் இழப்பு 10,000 ரூபாய். கார் வயதாக வயதாகப் பிரீமியம் குறைவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். கண்ணாடி பில் 7,000 என்றால் கழிவு போகக் கிடைப்பது 6,000-க்குள். இந்த நிலையில் கைக்காசுதான் லாபம்.

முதல் ஆண்டிலேயே கண்ணாடி உடைந்த புதுக் காருக்கு இதே கணக்கு தலைகீழாகும். அவர் இழப்பது 20, 5, 10, 10, 5 என்று 50 சதவீதம்தான். கேமராக் கண்ணாடியும் கேலிபிரேஷனும் சேர்ந்த பில் பெரிதாக வரும்போது கிளெய்மே சரி. என்.சி.பி. புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்தவர் அதன் நிபந்தனையைப் படித்துவிட்டுத் தயங்காமல் போடலாம். கிளெய்ம் என்று முடிவெடுத்தால், நம்பர் பிளேட்டும் உடைப்பும் சேர்ந்து தெரியும்படி படமெடுத்து, நிறுவனத்துக்குத் தெரிவித்து, அனுமதி வந்த பிறகே கண்ணாடியில் கை வைக்க வேண்டும். கேஷ்லெஸ் வேண்டுமானால் கடை அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

பொருத்திய பிறகு

எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பதைப் பசையின் தகவல் தாள்தான் சொல்லும். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்குப் பல மணி நேரம். ஏர்பேக் உள்ள காருக்குத் தனியே நேரம் போட்டிருப்பார்கள். கடைக்காரர் "அரை மணியில எடுத்துக்கலாம்" என்றால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு ஜன்னலை ஓரங்குலம் இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கையில் கதவை அறைந்தால் உள்ளே அழுந்தும் காற்று, இறுகாத பசையைத் துளைத்துக்கொண்டு போகும். வாட்டர் வாஷ் இரண்டு நாளைக்கு வேண்டாம். வைப்பர் பிளேடையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய பிளேடில் ஒட்டியிருக்கும் மணல், புதுக் கண்ணாடியில் முதல் நாளே கோடு போடும்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸில் மெதுவாக மேல்விளிம்பிலிருந்து கீழே தண்ணீர் விடட்டும். கூரை ஓரம், தூண் மூடி, காலடிக் கம்பளத்தின் அடிப்பக்கம் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். சில கார்களில் ஃபியூஸ் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே இருப்பதால், சின்ன ஒழுக்கும் மின்சாரக் கோளாறாக முகம் காட்டும். செங்குன்றம் தாண்டி நெடுஞ்சாலையில் 80-ல் போகும்போது விசில் சத்தம் வந்தால் பெரும்பாலும் கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டை தூக்கியிருக்கும். அது சின்ன வேலை.

சில வாரம் கழித்துக் கல் பட்டதாகத் தெரியாமலே விரிசல் வந்தால், அது தொடங்கும் இடத்தைப் பேனா முனையால் தடவுங்கள். குழி தட்டுப்பட்டால் கல்லடி, வாரண்டியில் வராது. குழி இல்லாமல் விளிம்பிலிருந்து நேராகக் கிளம்பியிருந்தால், பொருத்தும்போது விளிம்பு அடிபட்டிருக்கிறது அல்லது கண்ணாடி சமமாக உட்காரவில்லை. அதைக் கடைதான் ஏற்க வேண்டும். பில்லில் கண்ணாடியின் பிராண்டு, பசையின் பெயர், வாரண்டி மாதங்கள் மூன்றும் தனித்தனியாக எழுதி வாங்கியிருந்தால் வாக்குவாதம் நீளாது.

பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும். உரித்தால் கிழிந்து செயலிழக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். டேக் கொடுத்த வங்கியிடம் அதே கணக்குக்கு மாற்று டேக் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். இல்லையென்றால் சூரப்பட்டு, நல்லூர் சுங்கச்சாவடிகளில் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். புது டேக்கை நடுக் கண்ணாடிக்குப் பின்னால், கேமராவையும் மழை சென்சாரையும் மறைக்காத இடத்தில் ஒட்டுங்கள்.